படிவம் ஐந்தோடு விட்ட இலக்கியம்: கேள்வி பதில்

பிரிக்பீல்ட்ஸில் மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்துப் பதினைந்து பேர் கூடிப் பழந்தமிழ்ப் பாடல்கள் படிக்கிறோம். பெரும்பாலோர் நாற்பதைத் தாண்டியவர்கள்; பள்ளியோடு இலக்கியத்தை விட்டவர்கள். இடைநிலைப்பள்ளியில் 31 ஆண்டுகள் தமிழ் கற்பித்து ஓய்வுபெற்ற என்னிடம், சென்ற கூட்டத்தில் சீட்டுகளில் கேள்விகளை எழுதித் தந்தார்கள். பினாங்குப் பக்கமிருந்தும் சிலர் அனுப்பியிருந்தார்கள். அன்று நேரம் போதவில்லை. விடுபட்டவற்றையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

கேள்வி: டீச்சர், எஸ்.பி.எம். தேர்வில் தமிழ் இலக்கியம் எடுத்தேன். செய்யுளையும் மனப்பாடம் செய்தேன், பொருளையும் மனப்பாடம் செய்தேன். இன்று ஒரு வரியும் நினைவில்லை. 43 வயதில் மீண்டும் தொடங்குவது நடக்கிற காரியமா? (கணக்காளர், பூச்சோங்)

நடக்கும். "மீண்டும்" என்ற சொல்லை மட்டும் எடுத்துவிடுங்கள். அன்று நீங்கள் படித்தது விடைத்தாளுக்காக. பாட்டை இனிமேல்தான் பார்க்கப் போகிறீர்கள்.

குறுந்தொகையில் 167ஆம் பாட்டு, கூடலூர் கிழார் பாடியது. புதிதாக மணமான பெண் தயிரைக் கையால் பிசைகிறாள். அந்தக் கையை உடுத்திய துணியில் துடைத்துக்கொள்கிறாள். துணியை மாற்றவும் நேரமில்லை. தாளிக்கும் புகை கண்ணில் ஏறுகிறது. சமைத்த புளிக்குழம்பைக் கணவன் "இனிது" என்று சொல்லி உண்கிறான். அவள் முகம் மிக நுட்பமாக மலர்கிறது. பாட்டு அவ்வளவுதான், ஆறே வரிகள். பதினேழு வயது மாணவருக்கு இதில் "இல்லற இன்பம்" என்று எழுத ஒரு விடை கிடைக்கும். இதைச் சொல்பவர் யார் என்று பாருங்கள்: அந்தப் பெண்ணை வளர்த்த செவிலித்தாய். மகளின் புதுவீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, பெற்ற தாயிடம் சொல்கிறாள். வீட்டில் அடுப்புப் பக்கமே வராத பெண் எப்படிக் குடும்பம் நடத்துகிறாளோ என்று கவலைப்பட்டுக்கொண்டிருக்கும் தாய்க்கு, கறைபட்ட சேலையும் புகையேறிய கண்ணும்தான் நல்ல சேதி. எங்கள் கூட்டத்தில் இதை வாசித்தபோது, சென்ற ஆண்டு மகளைக் கட்டிக்கொடுத்த ஓர் அம்மா எழுந்து வெளியே போய்ச் சற்று நேரம் கழித்து வந்தார். அவருக்கு உரை தேவைப்படவில்லை.

வயதைப் பற்றிக் கவலைப்படுபவர்களுக்கு இன்னொன்றும் சொல்வேன். உ.வே. சாமிநாதையர் 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர், வயது 25. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர். கும்பகோணத்துக்கு முன்சீபாக (நீதிபதியாக) வந்த சேலம் இராமசுவாமி முதலியார் அவரிடம் என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று விசாரித்தார். ஐயர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, தலபுராணம் என்று அடுக்கினார். முதலியார் அசையவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா, சிலப்பதிகாரம் படித்ததுண்டா என்று கேட்டார். இல்லை என்பதே விடை. அந்தச் சந்திப்புக்குப் பிறகுதான் அவர் சிந்தாமணியைத் தொட்டார். அது சமணக் காப்பியம்; சமணக் கொள்கைகள் விளங்காதபோது ஊரிலிருந்த சமணர்களின் வீடு தேடிப் போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டார். 1887இல் அந்த நூலைப் பதிப்பித்தார். 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு. தமிழைத் தொழிலாகக் கொண்டவரே 25 வயதில் இவற்றை முதன்முதலாகப் பார்த்தார் என்றால், கணக்காளர் 43இல் பார்ப்பதில் என்ன தாமதம்?

கேள்வி: புத்தகத்தைத் திறந்தால் ஒரு சொல்லும் புரிவதில்லை. உரையை முதலில் படிப்பதா, பாட்டை முதலில் படிப்பதா? எந்தப் பதிப்பு வாங்கலாம்? (செந்தூல்)

முதலில் பாட்டு, வாய்விட்டு, இரண்டு தடவை. புரியாவிட்டாலும் பரவாயில்லை, எங்கே நிற்க வேண்டும் என்பதைக் காது பிடித்துக்கொள்ளும். பிறகு உரை. அதன்பின் மீண்டும் பாட்டு. இந்த மூன்றாவது வாசிப்பை விட்டால் உரையைப் படித்ததாகத்தான் ஆகும்.

பாதித் தடை சொல்லில் இல்லை, அச்சில் இருக்கிறது. "யாரா கியரோ" என்று சீர் பிரித்து அச்சிட்டால் மிரட்டும். "யார் ஆகியரோ" என்று சொல் பிரித்தால் பாதி விளங்கிவிடும். ஆகவே பதம் பிரித்த பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள். மர்ரே எஸ். ராஜம் 1950களின் பிற்பகுதியில் அப்படிச் சந்தி பிரித்து மலிவு விலையில் வெளியிட்டது பெரிய தொண்டு. குறுந்தொகைக்கு உ.வே.சா. 1937இல் எழுதிய உரையை மிஞ்ச ஒன்றை நான் பார்த்ததில்லை. ஆனால் அதை இரண்டாம் சுற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதல் சுற்றுக்கு எளிய தெளிவுரை போதும்.

அகராதி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. இக்காலச் சொற்களுக்கான அகராதியில் சங்கச் சொல் அகப்படாது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. பின்னர் ஓர் அனுபந்தமும் சேர்ந்தது. அது இணையத்தில் இலவசமாகவே இருக்கிறது. மூல நூல்களுக்கு 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்தொகுப்பும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் நூலகமும் இருக்கின்றன. பணம் செலவழிக்கும் முன் அங்கே போய்ப் பாருங்கள்.

இன்னொரு சின்ன இன்பம்: யாய் என்றால் என் தாய், ஞாய் என்றால் உன் தாய். எந்தை என் தந்தை, நுந்தை உன் தந்தை. உறவுச் சொல்லுக்குள்ளேயே "என்", "உன்" ஒளிந்திருக்கிறது. இப்படிப் பத்துச் சொல் தெரிந்துகொண்டால் ஐம்பது பாட்டு திறக்கும்.

கேள்வி: கே.எல். சென்ட்ரல் வரை எல்.ஆர்.டி.யில் இருபது நிமிடம். எனக்குக் கிடைக்கும் நேரம் அதுதான்.

தாராளமாகப் போதும். குறுந்தொகைப் பாட்டு நான்கு முதல் எட்டு அடிதான். போகும்போது ஒன்று, வரும்போது அதே ஒன்று. கடவுள் வாழ்த்து நீங்கலாக 401 பாட்டுகள், அவசரம் வேண்டாம்.

கேள்வி: நான் தேசியப் பள்ளியில் படித்தவள். தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். ஆங்கில மொழிபெயர்ப்பில் படித்தால் அது படித்ததாகுமா? (பிறை)

ஆகும், அம்மா. வெட்கப்பட இதில் எதுவும் இல்லை. ஏ.கே. ராமானுஜன் 1967இல் குறுந்தொகைப் பாடல்கள் சிலவற்றை ஆங்கிலத்தில் வெளியிட்ட பிறகுதான் உலகின் பல மூலைகளில் இந்தக் கவிதைகள் போய்ச் சேர்ந்தன. அவற்றைப் படியுங்கள். பிடித்த ஒரு பாட்டின் எண்ணைக் குறித்துக்கொண்டு, அந்த ஒன்றை மட்டும் தமிழில் எழுத்துக்கூட்டிப் படியுங்கள். பொருள் முன்பே தெரிந்திருப்பதால் எழுத்து உங்களைப் பயமுறுத்தாது. ஐந்தாறு மாதத்தில் கூட்டிப் படிப்பது குறைந்து, ஓட்டம் வந்துவிடும். தமிழே எழுதத் தெரியாமல் எங்கள் கூட்டத்துக்கு வந்த இருவர் இப்படித்தான் வளர்ந்தார்கள்.

கேள்வி: திருக்குறள் முழுவதையும் ஒருமுறை படித்து முடிக்க வேண்டும் என்று ஆசை. வரிசையாகப் போகலாமா?

வரிசையாகப் போனால் துறவறவியலில் பலர் நின்றுவிடுகிறார்கள். பள்ளியில் நாம் தொடாத காமத்துப்பாலிலிருந்து தொடங்குங்கள்: 25 அதிகாரம், 250 குறள். பிரிவாற்றாமையின் முதல் குறளில் (1151) மனைவி சொல்கிறாள்: போகவில்லை என்றால் என்னிடம் சொல், சீக்கிரம் வந்துவிடுவேன் என்பதை, அதுவரை உயிரோடிருப்பவர்களிடம் சொல். சிங்கப்பூரிலும் எண்ணெய்த் துரப்பண மேடையிலும் கணவரை வைத்திருக்கும் பெண்கள் இதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்காருகிறார்கள். அதிலிருந்து நல்குரவுக்குப் போங்கள். நேற்று என்னைக் கொன்ற வறுமை இன்றும் வருமோ என்று ஒருவன் அஞ்சும் குறள் (1048) அங்கே இருக்கிறது. மாதக் கடைசியைப் பார்த்தவர்களுக்கு அந்த அச்சம் தெரியும்.

கேள்வி: இவையெல்லாம் தமிழ்நாட்டு மலையும் வயலும். பாட்டனார் காலத்திலிருந்து மலேசியாவில் இருக்கும் நமக்கு இதில் என்ன இருக்கிறது? (பட்டர்வொர்த்)

நீங்கள் இருக்கும் இடத்திலிருந்து காரில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் வடக்கே போனால், குனோங் ஜெராய் மலையடியில் பூஜாங் பள்ளத்தாக்கு. அங்கே பழைய கோயில்களின் அடித்தளங்களைப் பார்த்திருப்பீர்கள். சங்க காலத்து நெடும்பாட்டான பட்டினப்பாலையை எடுங்கள். கடியலூர் உருத்திரங்கண்ணனார் காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தில் குவிந்த பொருள்களை எண்ணுகிறார்: நீர்வழி வந்த குதிரை, மிளகு மூட்டை, வடமலைப் பொன், ஈழத்து உணவு. அந்த வரிசையில் "காழகத்து ஆக்கம்" வருகிறது. உரையாசிரியர் நச்சினார்க்கினியர் காழகம் என்பதற்குக் கடாரம் என்று பொருள் எழுதினார். கடாரம் நம் கெடா. முதலாம் இராசேந்திரனின் கடற்படை 1025இல் வந்த கடாரமும் அதுதான். நீங்கள் வாழும் கரை அந்தப் பாட்டுக்குள் இருக்கிறது.

அந்தப் பாட்டின் அமைப்பைப் பாருங்கள். 301 அடிகளில் பெரும்பகுதி பட்டினத்தின் செல்வம், சோழன் கரிகாலனின் பெருமை. இத்தனையும் எதற்கு? பொருள் தேடப் புறப்படத் தூண்டும் தன் நெஞ்சுக்கு ஒருவன் விடை சொல்கிறான்: இவ்வளவு சிறந்த பட்டினமே கிடைப்பதாக இருந்தாலும் இவளைப் பிரிந்து வரமாட்டேன். கப்பலேறி இங்கே வந்த நம் பாட்டன்மார்களுக்கு அப்படிச் சொல்ல வழி இருக்கவில்லை. அதனால்தான் தோட்டத்து லயத்தில் பிறந்த எனக்கு, பிரிவைப் பாடும் பாலைத்திணை வறண்ட நிலமாகத் தெரிவதில்லை. பிரிவு நடந்த இடமெல்லாம் பாலை.

மணிமேகலையில் சாதுவனைத் தேடிப் படியுங்கள். கையிலிருந்த பொருளெல்லாம் தொலைத்துவிட்டுக் கடலேறியவன், மரக்கலம் உடைந்து நாகர் வாழும் தீவில் ஒதுங்குகிறான். அவர்கள் மொழி அவனுக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் பிழைத்தான். அயல் மொழி கற்று உயிர் தப்பியவனின் கதை நமக்கு அயலானதா?

இன்னொன்று: முதல் உலகத் தமிழ் மாநாடு 1966 ஏப்ரலில் கூடியது கோலாலம்பூரில்தான். அதற்காக உழைத்த தனிநாயகம் அடிகள் மலாயாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர். சங்கக் கவிதையில் நிலமும் உணர்வும் சேரும் விதத்தைப் பற்றி எழுதியவர்.

கேள்வி: கண்ணகியைப் பொறுமைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லியே வளர்த்தார்கள். சிலப்பதிகாரத்தை மீண்டும் தொடவே மனம் வரவில்லை. (வழக்கறிஞர், ஜார்ஜ் டவுன்)

உங்கள் கோபம் நியாயமானது. நானும் வகுப்பில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன், அதற்காக வருந்துகிறேன். காப்பியத்தில் முப்பது காதைகள். நீங்கள் வழக்கறிஞர் என்பதால் வழக்குரை காதையிலிருந்தே தொடங்குங்கள். ஒரு பெண் தனியாக அரசவைக்குள் நுழைகிறாள். ஆராயாமல் தீர்ப்பளித்தவன் என்று அரசனை முகத்துக்கு நேரே சொல்கிறாள். சான்றுப் பொருளாகச் சிலம்பை உடைத்துக் காட்டுகிறாள். பாண்டியன் சிலம்பில் முத்து, அவளுடையதில் மாணிக்கம். விசாரணையில் எங்கே பிழை நேர்ந்தது என்பது அந்த ஒரு கணத்தில் தெரிந்துவிடுகிறது.

பிறகு மாதவி. அவள் எழுதிய இரண்டாவது கடிதம் புறஞ்சேரி இறுத்த காதையில் கோவலன் கைக்கு வருகிறது. என் பிழை என்னவென்று அறியேன், மனக்கலக்கத்தைப் போக்குங்கள் என்று எழுதியிருக்கிறாள். அவன் படித்துவிட்டு, அவள்மேல் தீதில்லை, தீது என்னுடையது என்று உணர்கிறான். பின்பு ஒரு காரியம் செய்கிறான்: இந்தச் சொற்கள் என் பெற்றோருக்கும் பொருந்தும் என்று அதே கடிதத்தை அவர்களிடம் காட்டச் சொல்லி அனுப்பிவிடுகிறான். அவளுக்குப் பதில் இல்லை. மாணவியாக இருந்தபோது இந்த இடத்தை நான் கவனிக்கவே இல்லை. இன்று, கடிதத்துக்குக் காத்திருந்த மாதவியை நினைக்காமல் அந்தக் காதையைக் கடக்க முடிவதில்லை. காப்பியம் கோவலனைக் காப்பாற்ற முயலவில்லை. நாமும் முயல வேண்டியதில்லை. ஏற்க முடியாததை ஏற்க முடியாது என்று ஓரத்தில் எழுதிக்கொண்டே படியுங்கள்.

கேள்வி: கம்பராமாயணம்?

பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாட்டு. அயோத்தியா காண்டத்தில் குகப் படலம் மட்டும் படியுங்கள். மற்றதைக் கம்பரே பார்த்துக்கொள்வார்.

கேள்வி: அப்பாவுக்கு 78 வயது. ஒரு காலத்தில் தோட்டத்தில் நாடகம் போட்டவர், நிறையப் படித்தவர். இப்போது கண் மங்கிவிட்டது, பேச்சும் குறைந்துவிட்டது. அவருக்கு எதை வாசித்துக் காட்டலாம்? (கிள்ளான்)

புறநானூறு 243. பாடியவரின் பெயர் மறைந்துபோய், பாட்டில் வரும் தொடரே அவருக்குப் பெயராயிற்று: தொடித்தலை விழுத்தண்டினார். பூண் போட்ட கைத்தடியை ஊன்றி, நடுங்கி, இருமலுக்கு நடுவே இரண்டொரு சொல் பேசும் கிழவர் அவர். தன் இளமையை நினைக்கிறார்: மணலில் செய்த பாவைக்குப் பூச்சூட்டியது, பெண்களோடு கைகோத்துக் குளத்தில் ஆடியது, நீர்மேல் சாய்ந்த மருதமரக் கிளையில் ஏறிக் கரையில் நிற்பவர் மருளத் துடுமெனக் குதித்தது, ஆழத்தில் மூழ்கி அடிமணலை அள்ளிக்கொண்டு வந்தது. அந்தக் கல்லா இளமை இப்போது எங்கே இருக்கிறதோ என்கிறார்.

மெதுவாக, இரண்டு தடவை வாசியுங்கள். உரை சொல்ல வேண்டாம். கொஞ்ச நேரம் விட்டு, தோட்டத்தில் அவர் குதித்தது குளத்திலா ஆற்றிலா என்று மட்டும் கேளுங்கள். அவர் பேசத் தொடங்கினால் புத்தகத்தை மூடிவிடுங்கள்.