ரைன் நதிக் கப்பலில் எந்த அறை?

கேள்வி: ஐரோப்பாவின் ரைன் நதியில் நடுத்தரக் கட்டணக் கப்பலொன்றில் செல்ல நானும் கணவரும் எண்ணுகிறோம். கப்பலை எவ்வாறு மதிப்பிடுவது?
– வாசகி, குழித்துறை

பதில்: ரைனில் செல்லும் பெரிய கப்பல்கள் பெரும்பாலும் 135 மீட்டர் நீளத்துக்குள்ளேயே கட்டப்படுவதால், அளவை ஒப்பிடுவதைவிட அறையின் இடத்தைப் பாருங்கள். கீழ்த்தள அறைகளில் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பெரும்பாலும் திறக்க இயலாத சிறு சன்னலே இருக்கும்; மின்தூக்கி அத்தளம்வரை இறங்குகிறதா என்பதையும், முழங்கால் வலி உள்ளவர்கள் அவசியம், கேட்டறிய வேண்டும். பின்பகுதியில் இயந்திர ஒலி மிகுதி. துறைகளில் கப்பல்களை ஒன்றோடொன்று ஒட்டி நிறுத்துவதால் பால்கனிக்கு எதிரே அடுத்த கப்பலே தெரியக்கூடும். ஆகவே பால்கனிக்காகக் கூடுதல் பணம் கொடுக்க நான் சொல்லமாட்டேன். கடல் நீர்மட்டம் தாழ்ந்தால் விவேகானந்தர் பாறைக்குப் படகு நிறுத்தப்படுவதுபோல, 2018, 2022 ஆண்டுகளில் ரைனில் நீர் குறைந்து போக்குவரத்து பாதிக்கப்பட்டது. அவ்வாறானால் பேருந்தில் அழைத்துச் செல்வார்களா, பணத்தைத் திருப்பித் தருவார்களா என்பதை முன்பதிவுக்கு முன்பே எழுத்தில் பெறுங்கள்.