பிரிட்டனில் மறுபடியும் கூட்டணி ஆட்சி வருமா? – கேள்வி பதில்

பிரிட்டன் கட்சி அரசியல், தொங்கு நாடாளுமன்றம், கூட்டணி பேரம் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நிறையவே கேட்டுவிட்டீர்கள். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டுப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, 2024-ல் லேபர் கட்சி வாங்கினது 34 சதவீதம்கூட இல்லை. அதுக்கு 411 சீட்டா? இது என்ன கணக்கு?

பதில்: தொகுதியில் முதலில் வருபவர் ஜெயித்தவர், அவ்வளவுதான் கணக்கு. இந்தியாவிலும் இதே முறைதான் என்பதால் நமக்கு இது புதிதில்லை. 650 இடங்களில் 411-ஐ லேபர் 33.7 சதவீத ஓட்டில் பிடித்ததற்குக் காரணம், எதிர்த் தரப்பு ஓட்டு கன்சர்வேட்டிவுக்கும் ரிஃபார்முக்கும் இடையே உடைந்ததுதான். என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. நைஜல் ஃபராஜின் ரிஃபார்ம் கட்சி 14.3 சதவீதம் வாங்கி 5 இடங்கள். லிபரல் டெமாக்ரட் 12.2 சதவீதம் வாங்கி 72 இடங்கள். லிபரல்களின் ஓட்டு தெற்கு இங்கிலாந்துத் தொகுதிகளில் குவிந்திருந்தது, ரிஃபார்மின் ஓட்டு நாடெங்கும் பரவிக் கிடந்தது. ஃபராஜின் கொள்கை எனக்குத் துளியும் ஒத்துவராது. ஆனாலும் 40 லட்சம் பேர் போட்ட ஓட்டுக்கு 5 எம்.பி. என்பது அநியாயம்.

கேள்வி: பெரும்பான்மைக்கு 326 வேணும்னு சொல்றாங்க. 2017-ல் தெரசா மே 317-ஐ வெச்சு எப்படி ரெண்டு வருஷம் ஓட்டினார்?

பதில்: முதலில் ஒரு விஷயம். வட அயர்லாந்தின் சின் ஃபெய்ன் கட்சி எம்.பி.க்கள் மன்னராட்சிக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க மறுப்பவர்கள். ஜெயித்தாலும் அவையில் உட்காரமாட்டார்கள். 2017-ல் அவர்கள் 7 பேர். சபாநாயகரும் துணைச் சபாநாயகர்களும் ஓட்டுப் போடுவதில்லை. அதனால் 326 என்பது காகிதத்தில் இருக்கும் எண். நடைமுறையில் அதற்குச் சற்றுக் குறைவாக இருந்தாலே போதும்.

அப்படியும் கன்சர்வேட்டிவ் பிரதமர் மே அம்மையாருக்குப் போதவில்லை. வட அயர்லாந்தின் டி.யு.பி. கட்சியின் 10 எம்.பி.க்கள் வெளியிலிருந்து ஆதரவு கொடுத்தார்கள். பட்ஜெட்டிலும் நம்பிக்கை ஓட்டிலும் அரசைக் காப்பாற்றுவார்கள். பதிலுக்கு வட அயர்லாந்துக்குக் கூடுதலாக 100 கோடி பவுண்ட் நிதி. மந்திரி பதவி எதுவும் கிடையாது. இந்த ஏற்பாடு எப்படி வேலை செய்தது என்று தெரிய 2019 ஜனவரியின் இரண்டு நாட்களைப் பார்த்தால் போதும். 15-ம் தேதி மேயின் பிரெக்சிட் ஒப்பந்தம் 432-க்கு 202 என்று தோற்றது, டி.யு.பி. எதிர்த்து ஓட்டுப் போட்டது. மறுநாள் நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தபோது அதே டி.யு.பி. அரசைக் காப்பாற்றியது. 325-க்கு 306. அந்தப் 10 பேர் மட்டும் மாறியிருந்தால் ஒரே ஓட்டில் அரசு கவிழ்ந்திருக்கும்.

கேள்வி: 2010-ல் கேமரூனும் கிளெக்கும் அஞ்சே நாள்ல கூட்டணி போட்டுட்டாங்களே. அதுக்குள்ள அப்படி என்ன பேசி முடிச்சாங்க?

பதில்: மே 6 வியாழக்கிழமை தேர்தல். மறுநாள் கணக்கு இப்படி: கன்சர்வேட்டிவ் 306, லேபர் 258, லிபரல் டெமாக்ரட் 57. அதிக ஓட்டும் இடமும் வாங்கிய கட்சியோடுதான் முதலில் பேசுவோம் என்று லிபரல் டெமாக்ரட் தலைவர் நிக் கிளெக் தேர்தலுக்கு முன்பே சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமை மதியமே கன்சர்வேட்டிவ் தலைவர் கேமரூன் வெளிப்படையாக அழைத்துவிட்டார். லிபரல்கள் இன்னொரு பக்கம் லேபரோடும் பேச்சை விடவில்லை. திங்கட்கிழமை, கட்சித் தலைமையை விட்டு விலகத் தயார் என்று அப்போதைய லேபர் பிரதமர் கார்டன் பிரவுன் அறிவித்ததும் சூடு ஏறியது. கேமரூன் தரப்பு உடனே, வாக்களிக்கும் முறையை மாற்றுவது பற்றிப் பொது வாக்கெடுப்பு நடத்துகிறோம் என்று இறங்கி வந்தது. லேபரும் லிபரலும் சேர்ந்தாலும் 315-தான், அதனால் அந்தப் பக்கம் கதவு ஏற்கெனவே பாதி மூடித்தான் இருந்தது. செவ்வாய் மாலை பிரவுன் ராஜினாமா, இரவுக்குள் கேமரூன் பிரதமர், கிளெக் துணைப் பிரதமர்.

லிபரல்களுக்குக் கேபினட்டில் 5 இடம். இங்கேதான் அவர்கள் சறுக்கினார்கள் என்பது என் கருத்து. கல்வி, சுகாதாரம், உள்துறை என்று மக்கள் தினமும் தொட்டுப் பார்க்கும் துறை ஒன்றைக்கூடக் கேட்டு வாங்கவில்லை. அவர்கள் வாங்கிய வணிகத் துறைக்குள் பல்கலைக்கழகங்களும் அடக்கம். கல்லூரிக் கட்டண உயர்வை எதிர்ப்போம் என்று மாணவர்களிடம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த கட்சியின் மந்திரி வின்ஸ் கேபிள்தான், கட்டண உச்சவரம்பை 9,000 பவுண்டுக்கு உயர்த்தும் வேலையைச் செய்ய வேண்டியதாயிற்று.

கேள்வி: கூட்டணிக்குப் போன சின்னக் கட்சி காலி. இதானே சார் சட்டம்?

பதில்: 2015-ல் நடந்தது அதுதான். 57 எம்.பி.க்கள் 8 ஆனார்கள். 300-க்கும் மேற்பட்ட தொகுதிகளில் டெபாசிட் போயிற்று. ஆனால் லிபரல்கள் ஒன்றுமே செய்யவில்லை என்பதை நான் ஏற்கமாட்டேன். வருமான வரி விலக்கு வரம்பு 6,475 பவுண்டிலிருந்து 2015-ல் 10,600-க்கு ஏறியது அவர்களுடைய தேர்தல் வாக்குறுதி. ஏழைப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளுக்குக் கூடுதல் நிதி வந்ததும் அவர்களால்தான். அந்தப் பெயரையெல்லாம் பிரதமரின் கட்சி எடுத்துக்கொண்டது, கல்லூரிக் கட்டணப் பழி மட்டும் கிளெக் தலையில் நின்றது.

அவர்கள் உயிராக நினைத்த தேர்தல் சீர்திருத்தமும் கைகூடவில்லை. கேட்டது, வாங்கிய ஓட்டுக்கு ஏற்ப இடம் தரும் விகிதாச்சார முறை. கிடைத்தது விருப்ப வரிசைப்படி ஓட்டுப் போடும் ஒரு சாதாரண மாற்றத்துக்கு வாக்கெடுப்பு. 2011 மே மாதம் அதுவும் 67.9 சதவீத எதிர்ப்பில் தோற்றது. அதை எதிர்த்துப் பிரசாரம் செய்தவர்களில் கேமரூனும் ஒருவர். கூட்டாளியின் பிரதானக் கோரிக்கைக்கு எதிராகப் பிரதமரே ஊர் ஊராகப் பேசினார் என்றால், பேரத்தை ஒழுங்காக எழுதி வாங்கவில்லை என்றுதானே அர்த்தம்?

கேள்வி: அப்போ உள்ளே போகாம வெளியிலிருந்து ஆதரவு கொடுத்தா தப்பிச்சுக்கலாமா?

பதில்: அதற்கும் உத்தரவாதமில்லை. 1979-ல் கலஹன் தலைமையில் லேபர் சிறுபான்மை அரசு. முன்பு துணைக்கு நின்ற லிபரல்கள் விலகியிருந்தார்கள். ஸ்காட்லாந்துக்குத் தனிச் சட்டமன்றம் கேட்ட வாக்கெடுப்பில் பாதிக்கு மேல் ஆதரவு கிடைத்தும், மொத்த வாக்காளர்களில் 40 சதவீதம் என்ற நிபந்தனை நிறைவேறாததால் அது நடக்கவில்லை. கோபத்தில் ஸ்காட்டிஷ் தேசியக் கட்சி நம்பிக்கையில்லாத் தீர்மானத்துக்கு வழி திறந்தது. மார்ச் 28 இரவு 311-க்கு 310. ஒரே ஓட்டு. சாகக் கிடந்த ஆல்ஃபிரட் பிராட்டன் என்ற லேபர் எம்.பி.யை ஆம்புலன்ஸில் கொண்டுவரலாமா என்று யோசித்து, வேண்டாம் என்று விட்டார்கள். சில நாட்களில் அவர் இறந்துவிட்டார். ஆட்சி போனாலும் பரவாயில்லை என்று எடுத்த அந்த முடிவை நான் மிகவும் மதிக்கிறேன். பிறகு வந்த தேர்தலில் தாட்சர் ஜெயித்தார், ஸ்காட்டிஷ் தேசியக் கட்சியின் 11 இடங்கள் 2 ஆயின.

கேள்வி: யாருக்கும் பெரும்பான்மை இல்லேன்னா மன்னர் யாரைக் கூப்பிடுவார்? நம்ம ஆளுநர் மாளிகை மாதிரி நாடகம் உண்டா?

பதில்: மன்னரை இந்தச் சர்ச்சைக்குள் இழுக்கக் கூடாது என்பதில் எல்லாக் கட்சியும் கவனமாக இருக்கும். கட்சிகள் தங்களுக்குள் பேசி முடித்த பிறகுதான் அரண்மனைக்குப் போவார்கள். அதுவரை பழைய பிரதமரே பதவியில் இருப்பார். அவர் விரும்பினால் அவையைச் சந்தித்தே தோற்கலாம். 1923 டிசம்பர் தேர்தலில் பெரும்பான்மை இழந்த கன்சர்வேட்டிவ் பிரதமர் பால்ட்வின் அப்படித்தான் 1924 ஜனவரியில் அவையில் தோற்றுப் போனார். அதன்பின் வந்ததுதான் முதல் லேபர் அரசு.

கேள்வி: லண்டன்ல வேலை பார்க்கிற இந்தியப் பாஸ்போர்ட்காரன் நான். எனக்கு ஓட்டு உண்டா?

பதில்: உண்டு. காமன்வெல்த் குடிமக்கள் முறையான விசாவோடு அங்கே வசித்தால் நாடாளுமன்றத் தேர்தலிலும் ஓட்டுப் போடலாம். இலங்கைக் குடியுரிமை உள்ளவர்களுக்கும் இது பொருந்தும். தயவுசெய்து பெயரைப் பதிவு செய்யுங்கள், வாக்குச்சாவடிக்குப் போகும்போது புகைப்பட அடையாள அட்டை எடுத்துப் போங்கள்.

கேள்வி: சரி, முக்கியமான கேள்விக்கு வாங்க. அடுத்த தேர்தல்ல கூட்டணி ஆட்சியா, இல்லையா?

பதில்: 2029 ஆகஸ்டுக்குள் தேர்தல் நடந்தாக வேண்டும். 2025 மே உள்ளாட்சித் தேர்தலில் ரிஃபார்ம் 10 கவுன்சில்களைக் கைப்பற்றியது. இங்கிலாந்தில் இன்று ஓட்டு ஐந்து கட்சிகளுக்குப் பிரிகிறது. தொங்கு நாடாளுமன்றத்துக்கு இதைவிடத் தோதான சூழல் வேண்டியதில்லை. ஆனால் கேபினட்டில் பங்கு கொடுக்கும் கூட்டணியைவிட, வெளியிலிருந்து ஆதரவு என்ற ஏற்பாட்டுக்கே வாய்ப்பு அதிகம் என்று நினைக்கிறேன். 2015-ல் பட்ட அடியை லிபரல்கள் எளிதில் மறக்கமாட்டார்கள். ஸ்காட்டிஷ் தேசியக் கட்சி உள்ளே வந்தால் சுதந்திர வாக்கெடுப்பு கேட்கும். அதோடு சேர்ந்து நிற்க லேபர் பயப்படும். 2015-ல் ஸ்காட்டிஷ் தேசியக் கட்சியின் முன்னாள் தலைவர் அலெக்ஸ் சால்மண்டின் சட்டைப் பையில் அப்போதைய லேபர் தலைவர் எட் மிலிபாண்ட் உட்கார்ந்திருப்பது போல கன்சர்வேட்டிவ்கள் அடித்த சுவரொட்டியை லேபர்காரர்கள் இன்னும் பேசுகிறார்கள்.

லிபரல்களும் பசுமைக் கட்சியும் என்னிடம் கேட்டால் ஒன்றுதான் சொல்வேன்: விகிதாச்சார முறையைச் சட்டமாக, முதல் வருடத்திலேயே கேளுங்கள். வாக்கெடுப்பு என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். காலமும் மாறியிருக்கிறது. 2022-ல் லேபர் மாநாடே விகிதாச்சார முறைக்கு ஆதரவாகத் தீர்மானம் போட்டது, தலைமைதான் ஏற்கவில்லை. 2024 டிசம்பரில் லிபரல் எம்.பி. சாரா ஓல்னி இதற்காகக் கொண்டுவந்த தனிநபர் மசோதாவை அறிமுகப்படுத்த அவை 138-க்கு 136 என்று அனுமதித்தது. சட்டமாகும் வாய்ப்பு இல்லாத மசோதாதான், இருந்தாலும் அந்த எண்ணிக்கை எனக்கு நம்பிக்கை தருகிறது.

கேள்வி: தேர்தல் ராத்திரி முழுக்க முழிச்சிருக்கணுமா, இல்லே காலையில பார்த்தா போதுமா?

பதில்: பிரிட்டன் நேரம் இரவு 10 மணிக்கு எக்ஸிட் போல் வரும். அதை மட்டும் தவறவிடாதீர்கள். 2015-ல் லிபரல்களுக்கு 10 இடம் என்று அது சொன்னதும், உண்மையானால் என் தொப்பியைத் தின்கிறேன் என்றார் அந்தக் கட்சியின் முன்னாள் தலைவர் பேடி ஆஷ்டவுன். வந்தது 8. பெரிய கட்சிக்கு 320-க்குக் கீழே என்று காட்டினால் காபி போட்டுக்கொண்டு உட்காருங்கள், விடியும்வரை வேலை இருக்கிறது.