எட்டரை மணிக் கதவு

அன்புள்ள அம்மா,

சென்னையில் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சொந்த ஊர் துறையூர் பக்கம். இரவு பதினொரு மணிக்கு மேல் விடுதி அடங்கிய பிறகுதான் எனக்கு நாள் தொடங்குகிறது. அறைத்தோழன் தூங்கிவிடுவான் என்பதால் மாடிப்படியில் உட்கார்ந்து இரண்டு மணி வரை படிப்பேன். சில நாள் ஒன்றும் படிக்காமல் சும்மா இருப்பேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்கள் ஐந்து பேர் கோட்டூர்புரம் நூலகத்தில் இருந்துவிட்டு, பறக்கும் ரயிலில் திருவல்லிக்கேணியில் இறங்கி, பாரதி சாலையில் பழைய புத்தகம் பார்த்து, கடற்கரைக்குப் போவோம். தோழிகள் இருவரும் எட்டரைக்குள் விடுதிக்குத் திரும்ப வேண்டும் என்பதால் ஏழு மணிக்கே கிளம்பிவிடுவார்கள். அதற்குப் பிறகுதான் பேச்சு களைகட்டும். அப்பா கடன் வாங்கிப் படிக்கவைக்கிறார். இப்படி இரவை விழித்தும் ஞாயிறைச் சுற்றியும் கழிப்பது அவருக்குச் செய்யும் துரோகமோ என்று உறுத்துகிறது. உங்கள் கருத்து என்ன? நான் படிக்கவேண்டிய நூல்களின் பட்டியலும் தர முடியுமா?

(பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது)

அன்புள்ள தம்பி,

உங்கள் மாடிப்படி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. நூறு பேர் வாழும் கட்டடத்தில் ஒருவருக்குத் தனிமை கிடைப்பதே அரிது. அதைக் கண்டுபிடித்து, யாருக்கும் தொந்தரவு இல்லாமல் அங்கே உட்கார்ந்துகொள்ளத் தெரிந்த பிள்ளையைப் பற்றி அவருடைய அப்பா கவலைப்பட ஒன்றும் இல்லை. தேர்வில் தவறாமல், உடம்பைக் கெடுத்துக்கொள்ளாமல் இருக்கிறவரை இதில் துரோகம் எங்கிருந்து வந்தது? நூற்பட்டியல் நான் யாருக்கும் தருவதில்லை. பாரதி சாலை நடைபாதையில் குனிந்து தேடுகிறீர்கள் அல்லவா, அது போதும்.

நான் இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்தது வேறொரு வரிக்காக. தோழிகள் இருவரும் ஏழு மணிக்கே கிளம்பிவிடுவார்கள் என்றும், அதற்குப் பிறகுதான் பேச்சு களைகட்டும் என்றும் அடுத்தடுத்து எழுதியிருக்கிறீர்கள். இதை எழுத உங்களுக்குக் கை கூசவில்லையா? மதியம் முழுவதும் உங்களோடு படித்து, உங்களோடு ரயிலேறி வந்தவர்கள், பேச்சு சூடுபிடிக்கும் நேரத்தில் செருப்பை உதறிப் போட்டுக்கொண்டு எழுந்து போகிறார்கள். அலை அடிப்பதைப் போல அதுவும் தன்பாட்டுக்கு நடக்கும் ஒன்று என்று நீங்கள் மணலிலேயே உட்கார்ந்திருக்கிறீர்கள். அவர்களுக்கும் கடன் வாங்கிப் படிக்கவைக்கும் அப்பாக்கள் இருப்பார்கள். அவர்களுக்கு ஒரு மாடிப்படி இருக்கிறதா என்று நீங்கள் கேட்டதுண்டா?

எண்பதுகளில் தென்மாவட்ட நகரமொன்றில் நான் விடுதியில் தங்கிப் படித்தபோது வாயிற்கதவு ஆறு மணிக்குச் சாத்தப்படும். காவலாளியின் மேசையில் நீளவாக்கில் தைத்த பதிவேடு ஒன்று இருக்கும். அதன் முதுகில் சணல் கட்டி ஒரு பென்சிலைத் தொங்கவிட்டிருப்பார்கள். பெயர், போகுமிடம், உடன் செல்பவர், காரணம், புறப்பட்ட நேரம், திரும்பிய நேரம் என்று கட்டங்கள். காரணம் என்ற கட்டத்தில் நாங்கள் எல்லோரும் தையற்கடை என்றே எழுதுவோம். புத்தகக்கடைக்கு, இலக்கியக் கூட்டத்துக்கு, சும்மா நடந்துவிட்டு வர என்றெல்லாம் எழுதினால் காப்பாளர் கூப்பிட்டு விசாரிப்பார். ரவிக்கை தைக்கப் போவதை மட்டும் யாரும் விசாரித்ததில்லை. ஊரில் நடந்த கூட்டங்கள் ஆறரைக்கு மேல்தான் தொடங்கும். அழைப்பிதழில் அச்சிட்ட பெயர்களைப் படித்ததோடு சரி, ஒருவர் பேசியும் நான் கேட்டதில்லை. பத்து மணிக்கு விளக்குகளை மொத்தமாக அணைத்துவிடுவார்கள். மொட்டைமாடிக்குப் போகும் கதவில் எப்போதும் பூட்டுத் தொங்கும். குளியலறைக்கு வெளியே விடிய விடிய எரியும் ஒற்றைக் குண்டு விளக்கின் கீழே, ஈரத் தரையில் நின்றுகொண்டு நான் படித்த பக்கங்கள் அதிகம்.

இன்றைக்கு ஆறு எட்டரை ஆகியிருக்கிறது, பதிவேடு சில இடங்களில் விரல்ரேகைக் கருவி ஆகியிருக்கிறது. கேட்டால் பாதுகாப்பு என்பார்கள். பாதுகாப்பைக் காரணம் காட்டி, ஆண் மாணவர்களுக்கு இல்லாத பாகுபாடான விதிகளை மாணவியர் விடுதிகளில் வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளே சொல்கின்றன. அதே ஆண்டில் தில்லி மாணவியர் விடுதிப் பூட்டுகளுக்கு எதிராகத் திரண்டு தெருவுக்கு வந்தார்கள். திருச்சூரில் ஒரு கல்லூரியின் மகளிர் விடுதியில், மாலைக் காட்சிக்கும் இரவுக் காட்சிக்கும் மாணவியர் போகக் கூடாது என்றிருந்த விதியைக் கேரள உயர் நீதிமன்றம் 2019-இல் நீக்கியது. சட்டம் இவ்வளவு தூரம் வந்துவிட்டது. பூட்டு அங்கேயேதான் இருக்கிறது.

பாதுகாப்பு என்ற வாதத்தை நான் அலட்சியமாகத் தள்ளவில்லை. துறையூரிலிருந்து மகளைச் சென்னைக்கு அனுப்பிய தாயின் வயிற்றில் இருக்கும் பயம் உண்மையானது. ஆனால் தியாகராய நகர்த் துணிக்கடையில் உங்கள் வயதுப் பெண்ணொருத்தி நாளெல்லாம் நின்று வேலை பார்த்துவிட்டு, கடை சாத்தியபின் இரவு பத்து மணிக்குப் பேருந்துக்கு நிற்கிறாள். இரவுப் பணிக்குப் போகும் செவிலியும் அதே நிறுத்தத்தில்தான் நிற்கிறார். மாணவியரை எட்டரைக்கு உள்ளே அடைக்கிறபோது, ஆண்கள் மட்டுமே மிஞ்சிய தெருவில் இவர்கள் தனியாக நிற்கவேண்டியிருக்கிறது. தெருவில் பத்துப் பெண்கள் இருந்தால் பதினோராவது பெண்ணுக்குத் துணை. பத்துப் பேரையும் பூட்டிவைத்துவிட்டு அவளுக்கு எந்தக் காவலரைத் துணைக்கு அனுப்புவார்கள்?

நீங்கள் பாரதி சாலை முடிவில் கடற்கரைச் சாலைக்கு வரும்போது தெற்கே வட்டமான முகப்போடு தெரியும் பழைய கட்டடம் விவேகானந்தர் இல்லம். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்கக் கட்டியது என்பதால் அதற்கு ஐஸ் ஹவுஸ் என்று பெயர். அங்கேதான் சகோதரி சுப்பலட்சுமி, தாமே பால்ய விதவையாக இருந்து 1911-இல் மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றவர், கைம்பெண் சிறுமியருக்கான விடுதியை நடத்தினார். வீட்டின் பின்கட்டில் முடங்கிக் கிடந்த குழந்தைகளை வெளியே கொண்டுவந்து படிக்க அனுப்புவதற்காக ஏற்பட்ட விடுதி அது. அதே சாலையில் இன்னும் சற்றுத் தெற்கே, 1914-இல் தொடங்கிய இராணி மேரி கல்லூரி இருக்கிறது. பெண்கள் படிக்க வெளியே வருவதற்காக எழுந்த இரண்டு கட்டடங்களுக்கு எதிரேதான், உங்கள் தோழிகள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு எழுந்து போகிறார்கள்.

அடுத்த ஞாயிறு அவர்கள் இருவரிடமும் கேளுங்கள். எட்டரையே எனக்குப் போதும் என்று ஒருத்தி சொன்னால் அது அவள் விருப்பம், வாதாடாதீர்கள். நேரத்தை நீட்டிக்க வேண்டும் என்றால், 2015 ஒழுங்குமுறைகளை இணைத்து விடுதி நிர்வாகத்துக்கு ஒரு விண்ணப்பம் எழுதுங்கள். இதில் மட்டும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்: இப்படிப்பட்ட விண்ணப்பங்களில் முதல் கையெழுத்துப் போடும் பெண்ணின் வீட்டுக்குத்தான் தொலைபேசி போகும், பல வீடுகளில் அன்றோடு படிப்பே நின்றுவிடும். உங்கள் வீட்டுக்கு அப்படி யாரும் பேசப்போவதில்லை. ஆகவே மேலே உங்கள் பெயரை எழுதுங்கள். அதன் கீழே உங்கள் விடுதி நண்பர்களிடம் முப்பது நாற்பது கையெழுத்தாவது வாங்குங்கள். தோழிகளின் பெயர் அதற்குப் பிறகு வரட்டும். நிர்வாகம் என்ன பதில் சொன்னது என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்