ஸ்டீம் பட்டியலில் ஹாரர் கேமின் கவர் படம் கறுப்புக் கட்டமாகத் தெரிகிறதா?

கேள்வி: நானும் நண்பனும் சேர்ந்து ஒரு ஹாரர் கேம் செய்துகொண்டிருக்கிறோம். மூடிக்கிடக்கும் ஸ்பின்னிங் மில்லில் ஓர் இரவு நடக்கும் கதை. கம்ப்யூட்டர் கேம் விற்கும் ஆன்லைன் கடையான ஸ்டீமில் பக்கம் திறந்தாயிற்று. கவர் படத்தில் மில் கட்டடம், நிலா, லாந்தரோடு நிற்கும் வாட்ச்மேன், ஜன்னலில் தலைவிரி கோலமாய் ஒரு பெண் எல்லாம் இருக்கிறது. தலைப்பு மூன்று சொல், அடர்சிவப்பில் ரத்தம் சொட்டும் எழுத்து. பெரிதாகத் திறந்தால் நன்றாக இருக்கிறது. தேடல் பட்டியலில் மட்டும் கறுப்புக் கட்டமாகத் தெரிகிறது. கிளிக்கும் விழவில்லை. எதை மாற்றுவது? – கோவை வாசகர்

பதில்: முதலில் உங்கள் படத்தை 120×45 பிக்சலுக்குச் சுருக்கிப் பாருங்கள். கடையில் கேமை அடையாளம் காட்டும் கவர் படத்தை ஸ்டீம் 'கேப்சூல்' என்கிறது. 'சின்ன கேப்சூல்' என்று நீங்கள் ஏற்றும் 462×174 படத்தை ஸ்டீம் சில பட்டியல்களில் அந்த அளவுக்குத்தான் சுருக்கிக் காட்டுகிறது. உங்கள் கேமை இதுவரை கேள்விப்படாத ஒருவர் அதை முதலில் பார்ப்பது பெரும்பாலும் அங்கேதான். அந்த அளவில் வாட்ச்மேனுக்கு ஏழெட்டு பிக்சல் கிடைத்தால் அதிகம். ஜன்னல் பெண் ஒரு புள்ளி.

ஹாரர் படங்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஸ்டீம் கடையின் பின்னணியே இருட்டு நீலம், ஆர்ஜிபி மதிப்பில், அதாவது சிவப்பு, பச்சை, நீலத்தின் அளவுகளில், 27, 40, 56. உங்கள் நிலவொளி நீலமும் மூலை இருட்டும் கிட்டத்தட்ட அதே நிறம். படத்தின் ஓரம் எங்கே முடிகிறது, பக்கம் எங்கே தொடங்குகிறது என்பதே கண்ணுக்குத் தெரியாது. ஓரங்களை முழுக் கறுப்புக்கு இறக்காதீர்கள். இருபத்தைந்து, முப்பது சதவீத வெளிச்சத்தில் நிறுத்துங்கள். நிறத்தையும் நீலத்திலிருந்து விலக்குங்கள். மில்லுக்குச் சோடியம் விளக்கின் மங்கல் மஞ்சளோ, பழைய டியூப்லைட்டின் பச்சை கலந்த வெள்ளையோ இயல்பாகவே பொருந்தும். முக்கியமான பொருள் 80 சதவீதத்துக்கு மேல் வெளிச்சத்தில் இருக்கட்டும். படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பார்த்தால், மூன்று தெளிவான வெளிச்சப் படிகள் பிரிந்து தெரிய வேண்டும். எல்லாமே ஒரே சாம்பலாகத் தெரிந்தால், நிறத்தை எவ்வளவு கூட்டினாலும் தேறாது.

அடர்சிவப்பு எழுத்தைக் கைவிடுங்கள். ஹாரர் கேம் செய்பவர்களில் நிறையப் பேர் விழும் குழி இது. மனிதக் கண்ணுக்குச் சிவப்பின் வெளிச்சப் பங்கு குறைவு. 139, 0, 0 என்ற ரத்தச் சிவப்பைக் கறுப்பின்மேல் வைத்தால், வெளிச்ச வேறுபாட்டு விகிதம் 2.1:1 தான் வரும். ஸ்டீமின் நீலத்தின்மேல் 1.5:1. இணையப் பக்கங்களில் பெரிய எழுத்துக்கே குறைந்தது 3:1 வேண்டும் என்பது வழக்கமான தரம். பழந்துணி வெள்ளை, அதாவது 232, 224, 204 போன்ற நிறத்தைக் கறுப்பின்மேல் வைத்தால் ஏறக்குறைய 16:1 கிடைக்கிறது. இன்னொன்று: ஜேபெக் சுருக்கத்தில் நிறத் தகவலைத்தான் பெரும்பாலும் பாதியாகக் குறைப்பார்கள், வெளிச்சத் தகவலை அல்ல. கறுப்பின்மேல் நிற்கும் மெல்லிய சிவப்புக் கோட்டுக்கு நிறம் மட்டுமே ஆதாரம் என்பதால், அதன் ஓரம் அழுக்காகக் கசியும். சிவப்பு வேண்டும் என்றே மனசு கேட்டால், ஓர் எழுத்திலோ ஒரு பொருளிலோ பளிச்சென்ற சிவப்பாக வையுங்கள்.

எழுத்தின் தடிமனுக்கு ஒரு கணக்கு உண்டு. 462 அகலம் 120 ஆகும்போது எல்லாமே ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகிறது. 4 பிக்சல் கோடு 1 பிக்சலாகி மங்கிவிடும். ஆகவே 462 அளவில் எழுத்தின் மிக மெல்லிய கோடுகூட 8 பிக்சலுக்குக் குறையக் கூடாது. ரத்தச் சொட்டுகள் இந்தக் கணக்கில் தேறாது, அவை எழுத்தின் அடிவிளிம்பைக் கலங்கடிக்கும். விரிசல், கீறல் போட ஆசையாக இருந்தால் பெரிய அளவுகளுக்கு ஒரு லோகோ, சின்ன கேப்சூலுக்குச் சுத்தமான இன்னொரு லோகோ என்று இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். மூன்று சொல்லை ஒரே வரியில் நீட்டாமல் இரண்டு வரியாக அடுக்கி, அகலத்தில் 85 முதல் 90 சதவீதத்தை நிரப்புங்கள். சின்ன கேப்சூலில் லோகோதான் படம். லோகோவைத் தமிழில் வைப்பதாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும்: இகர, உகரக் குறிகள் மேலும் கீழும் இடம் கேட்பதால் எழுத்தின் உடல் சிறுத்துவிடும். மெய்யெழுத்தின் புள்ளிக்கும் அதே 8 பிக்சல் விட்டம் தேவை. எழுதுருவில் வரும் புள்ளியை அப்படியே விடாமல் கையால் பெரிதாக்குங்கள்.

இப்போது எதை வரைவது என்பதற்கு வருவோம். பாழடைந்த கட்டடம், நிலா, விரிந்த கூந்தல் – இந்த மூன்றும் இந்த வகையின் பாதிக் கவர்களில் இருக்கின்றன. உங்கள் கேமில் மட்டுமே இருப்பது மில். நூல் நூற்கும் இயந்திரமான ரிங் ஃப்ரேமில் வரிசையாக நிற்கும் பாபின்களை, அதாவது நூல் சுற்றும் உருளைகளை, நெருக்கமாகக் காட்டுங்கள். எல்லாவற்றிலும் வெள்ளை நூல், ஒன்றில் மட்டும் நூலுக்குப் பதில் கறுந்தலைமுடி சுற்றியிருக்கிறது. நூலின் வெண்மையே படத்துக்கு வெளிச்சம் தருகிறது, ஆகவே இருட்டுப் பிரச்சினை பாதி தீர்ந்துவிடும். வெள்ளை வரிசைக்கு நடுவே ஒரு கறுப்பு என்பது 120 பிக்சலிலும் தெரியும். பெரிதாகப் பார்ப்பவருக்கு மட்டும் அது முடி என்று புரியும், அங்கே வயிற்றைப் பிசையும். ரத்தமும் தேவையில்லை. அறுந்த உறுப்பு, சிதைந்த உடல் போன்றவற்றைக் கேப்சூலில் வைத்தால் ஸ்டீமின் ஆய்வில் திரும்பி வரவும் வாய்ப்புண்டு. உங்கள் கேம் பழைய பிளேஸ்டேஷன் பாணிக் கரடுமுரடு கிராஃபிக்ஸாக இருந்தால், கவரிலும் அந்தச் சாயல் கொஞ்சம் இருக்கட்டும். எண்ணெய் ஓவியம் போன்ற கவரைப் பார்த்து உள்ளே வருபவர், முதல் ஸ்கிரீன்ஷாட்டிலேயே திரும்பிப் போய்விடுவார்.

அளவுகள் இவை. ஹெடர் கேப்சூல் 920×430, சின்னது 462×174, முதன்மை 1232×706, நெடுக்கு 748×896. வாங்கிய கேம்கள் வரிசையாக நிற்கும் லைப்ரரிக்கு 600×900 அட்டை, அங்கே கேமின் பக்க உச்சியில் விரியும் 3840×1240 ஹீரோ படம், பின்னணி இல்லாத பிஎன்ஜி லோகோ. 460×215 என்று சொல்லும் வழிகாட்டிகள் பழையவை, கடைப் படங்களின் அளவுகள் இப்போது இரட்டிப்பாகிவிட்டன. ஹீரோ படத்தில் எழுத்தே கூடாது, லோகோ அதன்மேல் தனியாக அமரும். திரையில் ஸ்டீம் விண்டோவின் அளவு மாறும்போது ஓரங்கள் வெட்டுப்படும் என்பதால், முக்கியமானதை நடுவில் 860×380 பகுதிக்குள் வையுங்கள்.

ஒரே படத்தை வெட்டி வெட்டி இவற்றையெல்லாம் எடுக்க முடியாது. சின்ன கேப்சூல் உயரத்தைப்போல இரண்டரை மடங்குக்கும் மேல் அகலம், லைப்ரரி அட்டை நேர்மாறு. அதனால் பின்னணி, பாபின் வரிசை, முடி சுற்றிய பாபின், ஒளி, லோகோ எல்லாம் தனித்தனி லேயராக இருக்க வேண்டும். ஒவ்வோர் அளவுக்கும் அடுக்கை மாற்றி அமையுங்கள். அகலப் படத்தில் ஏழு பாபின் நின்றால், நெடுக்குப் படத்தில் மூன்று போதும். கேன்வாஸை 3840 அகலத்துக்குக் குறையாமல் தொடங்குங்கள். இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு மெல்ல மாறும் இடங்களில் பட்டை பட்டையாகத் தெரிந்தால், ஒன்றிரண்டு சதவீதம் இரைச்சல் (நாய்ஸ் எனும் பொடிப் புள்ளிகள்) சேர்த்தால் மறையும்.

ஓவியரிடம் கொடுப்பதானால், முதலில் நிறமே இல்லாமல் 462×174 அளவில் மூன்று சாம்பல் நிற மாதிரி வரைவுகள் கேளுங்கள். அதில் ஒன்று தேறிய பிறகே பெரிய படத்துக்குப் போகச் சொல்லுங்கள். பெரிதாக வரைந்து முடித்தபின் சுருக்கிப் பார்ப்பதால்தான் இப்படிச் சிக்கல் வருகிறது. லேயர்கள் தனித்தனியாக உள்ள பிஎஸ்டி (போட்டோஷாப்) கோப்பு, எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாத வெக்டர் லோகோ, வணிகப் பயன்பாட்டு உரிமை மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஏஐ கொண்டு உருவாக்கினால், அதை ஸ்டீமின் உள்ளடக்கப் படிவத்தில் அறிவிக்க வேண்டும். அந்த அறிவிப்பு உங்கள் கடைப் பக்கத்திலும் தெரியும். ஹாரர் ரசிகர்களில் சிலர் அதைக் கண்டு விலகக்கூடும் என்பதையும் யோசித்து முடிவெடுங்கள்.

விருது முத்திரை, விமர்சன வரி, 'இப்போது டெமோ' போன்ற வாசகம் எதையும் அடிப்படைக் கேப்சூலில் ஒட்டாதீர்கள். 2022 செப்டம்பர் முதல் கேமின் ஓவியம், பெயர், அதிகாரபூர்வ துணைத்தலைப்பு தவிர வேறெதற்கும் அங்கே இடமில்லை. பெரிய அப்டேட் வரும்போது மட்டும், அதைச் சொல்லும் தற்காலிகப் படத்தை ஒரு மாதம்வரை வைக்கலாம்.

புதுப் படத்தை ஏற்றும்போது டேக், டிரெய்லர், விவரக் குறிப்பு எதையும் தொடாதீர்கள். கேம் செய்பவர்களுக்கான ஸ்டீம் தளமான ஸ்டீம்வொர்க்ஸின் டிராஃபிக் அறிக்கையில் படம் எத்தனை முறை காட்டப்பட்டது, அதில் எத்தனை பேர் உள்ளே வந்தார்கள் என்பது இடம்வாரியாகத் தெரியும். தேடல் பட்டியலின் கணக்கை மட்டும் எடுத்து, மாற்றத்துக்கு முந்தைய இரண்டு வாரத்தையும் பிந்தைய இரண்டு வாரத்தையும் ஒப்பிடுங்கள். ஸ்டீமின் டெமோ விழாவான நெக்ஸ்ட் ஃபெஸ்ட்டோ பெரிய சேலோ குறுக்கே வந்தால் அந்த நாட்களைக் கழித்துவிடுங்கள். விகிதம் அசையவில்லை என்றால் அடுத்து லோகோவை மட்டும் மாற்றிப் பாருங்கள், பாபினை விட்டுவிடாதீர்கள்.