கண் விழிக்காத கம்ப்யூட்டர்: வாங்குவோர் கேள்வி-பதில்

கேள்வி: 2011-ல் வாங்கிய டெஸ்க்டாப். தினமும் காலையில் ஆன் செய்தால் தேதி தப்பாக இருக்கிறது, எஃப்1 அழுத்தச் சொல்லிக் கறுப்புத் திரை நிற்கிறது. மதர்போர்டு போய்விட்டது, 4,500 ரூபாய் ஆகும் என்கிறார் கடைக்காரர். மாற்றலாமா?
— ஓய்வுபெற்ற ஆசிரியை, திண்டுக்கல்

பதில்: வேண்டாம் டீச்சர். அந்த மதர்போர்டிலேயே நாணயம் போல ஒரு வட்ட பேட்டரி இருக்கும். சிஆர்2032 என்று மேலே எழுதியிருக்கும், 3 வோல்ட். கரன்ட் இல்லாத நேரத்தில் தேதியைக் காப்பாற்றுவது அதுதான். அது தீர்ந்திருக்க வாய்ப்பு மிக அதிகம். வாட்ச் கடையிலேயே கிடைக்கும், நாலு பேருக்கு டீ வாங்கும் காசுதான். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஓரத்திலுள்ள கிளிப்பை நகத்தால் தள்ளினால் பழையது எகிறி வரும். புதியதைப் பிளஸ் குறி மேலே தெரிய வையுங்கள். பிறகு எஃப்1 அழுத்தி உள்ளே போய்த் தேதியைச் சரிசெய்து சேமியுங்கள். அதன்பின் விண்டோஸ் நீலத் திரை காட்டித் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆனால் பயப்படாதீர்கள். ஹார்ட் டிஸ்க்கோடு கம்ப்யூட்டர் பேசும் முறை, அதாவது சாட்டா மோடு, ஏஹெச்சிஐ-யிலிருந்து ஐடிஈ-க்கு மாறியிருக்கலாம், தேதியைச் சரிசெய்த அதே இடத்தில் திருப்பி மாற்றிவிடலாம். இதைத்தான் சிலர் 'ஹார்ட் டிஸ்க் அவுட்' என்று சொல்லி அடுத்த பில் போடுவார்கள்.

கேள்வி: நேற்று வரை ஓடியது. இன்று 'பூட்எம்ஜிஆர் ஈஸ் மிஸ்ஸிங்' என்று வருகிறது. சர்வீஸுக்கு 1,200 கேட்கிறார்கள்.
— கும்பகோணம் வாசகர்

பதில்: பின்னால் பென் டிரைவ் ஏதாவது செருகியிருக்கிறதா? கம்ப்யூட்டர் விண்டோஸை அதில் தேடிக்கொண்டிருக்கலாம். பிடுங்கிவிட்டு ஆன் செய்யுங்கள். அப்போதும் வந்தால் மறுபடி எழுதுங்கள்.

கேள்வி: லேப்டாப் பூட் ஆகவில்லை என்று கடையில் கொடுத்தேன். கேட்காமலேயே ஃபார்மட் செய்துவிட்டார்கள். காலமான அப்பாவின் படங்கள் எல்லாம் அதில்தான் இருந்தன. 'டேட்டாவுக்குப் பொறுப்பல்ல' என்று பில்லில் அச்சடித்திருக்கிறதாம்.
— கோவை வாசகி

பதில்: படிக்கவே சங்கடமாக இருக்கிறது அம்மா. முதலில் அந்த லேப்டாப்பை அணைத்து வையுங்கள். புதிதாக எதையும் ஏற்ற வேண்டாம். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால், மேலே வேறு எதுவும் எழுதப்படாத பகுதிகளிலிருந்து படங்களை மீட்க வழி இருக்கிறது. சுழலாமல் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டி என்றால் நம்பிக்கை குறைவு.

இந்த ஃபார்மட் வியாதியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு ரத்தம் கொதிக்கும். காய்ச்சலா, ஃபார்மட். தலைவலியா, ஃபார்மட். விண்டோஸ் எழவில்லை என்றால் உள்ளே இருக்கும் படங்களும் செத்துவிட்டன என்று அர்த்தமில்லை. விண்டோஸுக்குப் பதிலான இலவச இயங்குதளம் லினக்ஸ் மின்ட். அதை ஒரு பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்து பூட் செய்தால், ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமலேயே கம்ப்யூட்டர் திறக்கும். டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால், படங்கள் உள்ள ஃபோல்டரை இழுத்து வெளி டிஸ்க்கில் போடலாம். இலவசம். அரை மணி நேர வேலை, நிறைய படம் இருந்தால் அப்புறம் ஒரு காபி. ஃபார்மட்டுக்கு 500 வாங்குகிறவருக்கு இது தெரியாதா? தெரியும். பொறுமைதான் இல்லை.

பில்லில் ஒரு வரி அச்சடித்துவிட்டதால் நீங்கள் புகார் கொடுக்கக் கூடாது என்று ஆகிவிடாது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். அதில் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பிரச்சினை நடந்த இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும். கடைக்கு நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

கேள்வி: பூட் டிஸ்க் செய்ய ஆன்லைனில் 399 ரூபாய்க்கு 1 டிபி பென் டிரைவ் வாங்கினேன். விண்டோஸ் இன்ஸ்டால் பாதியில் நிற்கிறது.
— மதுரை வாசகர்

பதில்: 399-க்கு 1 டிபி! உங்களைத் திட்டலாம் என்று பார்த்தால் எனக்கு யோக்கியதை இல்லை. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் நானும் ஒன்று வாங்கினேன், உறையில் 512 ஜிபி. சொருகினால் 512 என்றே காட்டும். உண்மையில் உள்ளே இருந்தது 8. அதற்கு மேல் போட்டதெல்லாம் பெயர் மட்டும் தெரியும், திறக்காது. எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள் டிரைவ் முழுக்க எழுதித் திரும்பப் படித்துப் பார்க்கும், அதில் குட்டு வெளிப்படும். அந்த ஸ்கிரீன்ஷாட்டோடு இன்றே ரிட்டர்ன் போடுங்கள். பூட் டிஸ்க்குக்கு நல்ல கடையில் 16 ஜிபி வாங்கினாலே தாராளம்.

கேள்வி: 2010 கம்ப்யூட்டருக்கு 'விண்டோஸ் 11 பூட்டபிள் டிவிடி' 600 ரூபாய்க்கு விற்கிறார்கள். வாங்கலாமா?
— சேலம் வாசகர்

பதில்: வாங்காதீர்கள். மைக்ரோசாஃப்ட் தளத்தில் அந்த ஃபைல் சும்மாவே கிடைக்கிறது, லைசன்ஸ் தனி விஷயம். தவிர விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் கேட்கும், 2010 பெட்டியில் அது இருக்காது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. ஒரு சின்ன எஸ்எஸ்டி போட்டு லினக்ஸ் ஏற்றுங்கள். ரூஃபஸ் என்ற இலவச மென்பொருளில் பூட் பென் டிரைவ் தயாரிக்கும்போது பார்ட்டிஷன் முறை கேட்கும் இடத்தில் ஜிபிடி அல்ல, எம்பிஆர் என்று தேர்ந்தெடுங்கள். கம்ப்யூட்டரை முதலில் எழுப்பும் மென்பொருள்தான் பயாஸ், பழைய பயாஸ் எம்பிஆரைத்தான் படிக்கும்.

கேள்வி: தெரிந்தவர் மூலம் பழைய ஆபீஸ் லேப்டாப் வாங்கினேன். பென் டிரைவிலிருந்து பூட் செய்யப் போனால் பயாஸ் பாஸ்வேர்ட் கேட்கிறது. விற்றவர் போன் எடுக்கவில்லை. பில் இல்லை.
— திருச்சி வாசகர்

பதில்: பில் இல்லை, ஆள் இல்லை, பாஸ்வேர்ட் இல்லை. என்ன சொல்ல? ஆபீஸ் மாடல்கள் பலவற்றில் பேட்டரியைக் கழற்றினாலும் அந்தப் பாஸ்வேர்ட் போகாது. தயாரித்த நிறுவனத்தைக் கேட்டால் உங்களுடையதுதான் என்பதற்கு ஆதாரம் கேட்பார்கள். அது திருட்டு லேப்டாப்பாகவும் இருக்கலாம், யோசித்தீர்களா? அந்தத் 'தெரிந்தவர்' வீட்டு வாசலில் போய் நில்லுங்கள். அடுத்த தடவை, காசு எண்ணும் முன் ஆன் செய்து, எஃப்2 அல்லது அந்த மாடலுக்கான கீயை அழுத்தி, பயாஸ் பாஸ்வேர்ட் கேட்கிறதா என்று பாருங்கள்.