கேள்வி – பதில்: பெயர் சொல்லாமல் விலக்கிய சட்டங்கள்

இம்முறை இலத்தீன் அமெரிக்காவைப் பற்றி வாசகர்கள் எழுப்பிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்.

கேள்வி: ஐயா, இலத்தீன் அமெரிக்க நாடுகளில் பெரும்பாலானவை 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே விடுதலை பெற்றுவிட்டன. நம்மிடம் உள்ளதைப் போன்ற சாதியும் அங்கே இல்லை. அப்படியிருந்தும் உலகில் ஏற்றத்தாழ்வு மிகுந்த பகுதிகளில் ஒன்றாக அது இன்றும் இருப்பது ஏன்? (வாசகி, கோவில்பட்டி)

பதில்: விடுதலை யாருக்குக் கிடைத்தது என்று பார்த்தால் பாதி விடை தெரிந்துவிடும். ஸ்பானிய மன்னரின் அதிகாரிகள் கப்பலேறிப் போனார்கள். ஆனால் அங்கேயே பிறந்து வளர்ந்த ஐரோப்பிய வழியினரின் கையில் இருந்த பண்ணைகளும் சுரங்கங்களும் அவர்கள் கையிலேயே இருந்தன. புதிய அரசியல் சட்டங்கள் பொதுவாக அடிமையல்லாத அனைவரையும் குடிமக்கள் என்று அறிவித்தன. எந்த இனத்தையும் பெயர் சொல்லி விலக்க வேண்டிய தேவை அவற்றுக்கு இருக்கவில்லை. உரிமைக்கு ஒரு நிபந்தனை வைத்தால் போதும், யார் வெளியே நிற்பார்கள் என்பது எழுதியவர்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது.

பிரேசிலை எடுத்துக்கொள்ளுங்கள். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளைக் கொண்டுவருவதைத் தடுக்கும் சட்டம் அங்கே 1850 செப்டம்பர் 4 அன்று வந்தது. இரண்டே வாரம் கழித்து, செப்டம்பர் 18 அன்று, நிலச் சட்டம் வந்தது. அதுவரை ஆளில்லாத நிலத்தில் குடியேறி உழுதவர் காலப்போக்கில் அதைத் தமதாக்கிக்கொள்ளும் வழக்கம் இருந்தது. இனி அரசு நிலத்தை விலை கொடுத்துத்தான் வாங்க முடியும் என்றது அச்சட்டம். கறுப்பர் என்ற சொல்லே அதற்குத் தேவைப்படவில்லை. 1888 மே 13 அன்று அடிமைமுறை முற்றாக ஒழிக்கப்பட்டபோது, விடுவிக்கப்பட்டவர்களுக்கு ஒரு துண்டு நிலமோ இழப்பீடோ தரப்படவில்லை. காலி நிலத்தில் குடிசை போட்டுப் பிழைக்கும் வழியோ ஏற்கெனவே சட்டத்தால் அடைபட்டிருந்தது. சுமார் 48 இலட்சம் ஆப்பிரிக்கர்கள் இறக்கப்பட்ட நாடு அது; இன்றைய அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்கு நேராகக் கொண்டுசெல்லப்பட்டவர்களைப் போல் இது பத்து மடங்குக்கும் மேல்.

வாக்குரிமையிலும் இதே முறைதான். 1881ஆம் ஆண்டுத் தேர்தல் சட்டம் எழுத்தறிவை நிபந்தனையாக்கியது. 1891ஆம் ஆண்டுக் குடியரசின் அரசியல் சட்டமும் எழுத்தறியாதவர்களை விலக்கியே வைத்தது. நாட்டில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் எழுதப் படிக்கத் தெரியாதிருந்த காலம் அது. பள்ளி திறக்க வேண்டியது அரசு. அந்த அரசைத் தேர்ந்தெடுப்பவர்கள் ஏற்கெனவே படித்தவர்கள். பள்ளி இல்லாத ஊருக்காகப் பேச அங்கே யாருக்கு அவசரம் இருந்திருக்கும்? எழுத்தறியாதவர்கள் பிரேசிலில் வாக்குரிமை பெற்றது 1985இல்தான். பெருவில் 1979ஆம் ஆண்டின் அரசியல் சட்டம் அதைத் தந்தது. பொலிவியா 1952ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின் முந்திக்கொண்டது. நம் நாட்டில் 1951–52 பொதுத் தேர்தலில் கையெழுத்துப் போடத் தெரியாத கோடிக்கணக்கானோர் சின்னத்தைப் பார்த்து வாக்களித்தார்கள் என்பதை ஒப்பிட்டுப் பார்த்தால், அந்த முடிவு எவ்வளவு துணிச்சலானது என்று விளங்கும். நாம் அதைப் போதிய அளவு கொண்டாடுவதில்லை என்பது என் கருத்து.

கேள்வி: பெருவில் நடந்த உள்நாட்டுப் போரில் எத்தனை பேர் இறந்தார்கள் என்பதே போர் முடியும்வரை அந்நாட்டுக்குத் தெரியாமல் இருந்ததாகப் படித்தேன். ஒரு நாட்டில் அப்படி நடக்க முடியுமா? (வாசகர், திருவண்ணாமலை)

பதில்: நடந்தது. 1980 முதல் 2000 வரையிலான வன்முறையை ஆராய 2001இல் ஓர் உண்மை ஆணையம் அமைக்கப்பட்டது. மெய்யியல் பேராசிரியரான சலொமோன் லேர்னர் அதற்குத் தலைமை வகித்தார். 2003 ஆகஸ்டில் வெளியான அதன் அறிக்கை, கொல்லப்பட்டோரும் காணாமற்போனோரும் சேர்ந்து 69,280 பேர் இருக்கலாம் என்று மதிப்பிட்டது. அதுவரை பொதுவாகச் சொல்லப்பட்டுவந்த எண்ணிக்கை இதில் பாதியைக்கூட எட்டவில்லை. பல்லாயிரம் மக்கள் மறைந்தது தலைநகருக்கு உறைக்கவில்லை என்றால், மறைந்தவர்கள் யார் என்று கேட்க வேண்டும். நான்கில் மூவர் குவெச்சுவாவையோ வேறொரு பழங்குடி மொழியையோ தாய்மொழியாகக் கொண்டவர்கள். அம்மொழிகளைப் பேசுவோரோ நாட்டு மக்கள்தொகையில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. இறந்தோரில் ஐந்தில் இருவருக்கு மேல் அயாகுச்சோ என்ற ஒரே மலை மாகாணத்தைச் சேர்ந்தவர்கள்.

கொலைகளில் பாதிக்கு மேல் ‘ஒளிரும் பாதை’ என்ற மாவோயிய இயக்கம் செய்தவை. இராணுவமும் காவல்துறையும் செய்தவை அதற்கு அடுத்தபடி. ஏழைகளுக்காக ஆயுதம் ஏந்தியதாகச் சொல்லிக்கொண்ட இயக்கம் ஏழை உழவர்களையே மிகுதியாகக் கொன்றது என்பதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. அந்த இயக்கத்தின் முதல் தாக்குதல் 1980 மே 17 அன்று அயாகுச்சோவின் சுஸ்சி என்ற ஊரில் நடந்தது: மறுநாள் நடக்கவிருந்த தேர்தலுக்கான வாக்குப்பெட்டிகளை எரித்தார்கள். எழுத்தறியாதவர்கள் முதன்முதலாக அதிபரைத் தேர்ந்தெடுக்கவிருந்த தேர்தல் அது.

பிறப்பே பதிவாகாத மனிதரின் சாவும் பதிவாவதில்லை. மலையூர்களில் பலருக்கு அடையாள ஆவணம் எதுவுமில்லை. உறவினர்கள் புகார் கொடுக்கப் போனால் எதிரே இருந்த அதிகாரிக்கு ஸ்பானியம் மட்டுமே தெரியும். குவெச்சுவா 1975இலேயே ஆட்சிமொழியாக அறிவிக்கப்பட்டிருந்தது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். அந்த அறிவிப்பு காவல்நிலைய மேசைவரை வந்து சேரவில்லை.

கேள்வி: வீட்டுவேலை செய்யும் பெண்களுக்குத் தொழிலாளர் சட்டத்தின் பாதுகாப்பை முழுமையாகத் தந்த நாடு ஏதேனும் உண்டா? (வாசகி, காரைக்குடி)

பதில்: பிரேசில் அதற்கு அருகில் வந்திருக்கிறது, ஆனால் எழுபது ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. அதிபர் வர்காஸின் ஆட்சியில் 1943இல் இயற்றப்பட்ட தொழிலாளர் சட்டத் தொகுப்பு ஆலைத் தொழிலாளிக்கு விடுப்பும் வேலைநேர வரம்பும் தந்தபோது, வீட்டுப் பணியாளர்களுக்கு அது பொருந்தாது என்றும் எழுதிவைத்தது. அவர்களில் பெரும்பாலோர் பெண்கள், அதிலும் கறுப்பினப் பெண்கள். லாவுடெலினா டி காம்போஸ் மெலோ என்ற வீட்டுப் பணியாளர் 1936இலேயே சாந்தோஸ் நகரில் இவர்களுக்காக ஒரு சங்கம் தொடங்கியிருந்தார். எனவே கோரிக்கை எழவில்லை என்று அரசு சொல்லியிருக்க முடியாது.

1988ஆம் ஆண்டின் அரசியல் சட்டம் சில உரிமைகளை மட்டும் தந்தது. 2013ஆம் ஆண்டின் திருத்தம்தான் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 44 மணி என்ற வரம்பையும் மிகைநேர ஊதியத்தையும் கொண்டுவந்தது. 2015ஆம் ஆண்டின் சட்டம் அதைச் செயலாக்கியது. நாடாளுமன்றக் கீழவையில் அத்திருத்தத்துக்கு அறிக்கை அளித்த பெனெடிட்டா ட சில்வா தாமே வீட்டுவேலை செய்து வளர்ந்தவர். வாரத்தில் ஒன்றிரண்டு நாள் மட்டும் ஒரு வீட்டில் வேலை செய்பவர்கள் இச்சட்டத்துக்குள் வரமாட்டார்கள் என்பது அதன் பெரிய ஓட்டை. சட்டச் செலவைத் தவிர்க்க விரும்பும் வீடுகள் முழுநேரப் பணியாளை நாள்கூலியாக மாற்றிக்கொள்ள அது வழிவிடுகிறது.

கேள்வி: பிரேசிலில் இடஒதுக்கீடு இருக்கிறதாமே? நம்முடையதைப் போன்றதா? (வாசகர், சேலம்)

பதில்: நோக்கத்தில் நெருக்கம், அமைப்பில் வேறுபாடு. அங்கே கட்டணமில்லாத அரசுப் பல்கலைக்கழகங்கள்தான் சிறந்தவை. ஆனால் அவற்றின் நுழைவுத் தேர்வில் வெல்பவர்கள் பெரும்பாலும் பணம் கட்டித் தனியார் பள்ளியில் படித்தவர்கள். பணமில்லாத மாணவர்களோ கட்டணம் வாங்கும் சாதாரணத் தனியார் கல்லூரிகளுக்குப் போனார்கள். 2012இல் உச்ச நீதிமன்றம் இன அடிப்படையிலான ஒதுக்கீடு செல்லும் என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த சட்டம் மத்திய அரசுப் பல்கலைக்கழக இடங்களில் பாதியை அரசுப் பள்ளியில் மேனிலைக் கல்வி முடித்தவர்களுக்கு ஒதுக்கியது. அந்தப் பாதிக்குள்தான் குறைந்த வருமானத்தினருக்கும், அந்தந்த மாநில மக்கள்தொகை விகிதப்படி கறுப்பர், கலப்பினத்தவர், பழங்குடியினருக்கும் பங்கு பிரிக்கப்படுகிறது. பள்ளியை முதல் அளவுகோலாக வைத்தது எனக்குப் பிடித்த அம்சம். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 2020 முதல் 7.5 விழுக்காடு ஒதுக்கும் தமிழ்நாட்டில் இந்த வாதம் புதிதல்ல.

சிக்கல், யார் கறுப்பர் என்பதில் வந்தது. நம்மிடம் உள்ள சாதிச் சான்றிதழ் போன்ற ஒன்று அங்கே இல்லை. மாணவர் தாமே அறிவித்துக்கொள்ள வேண்டும். பொய்யாக அறிவித்து இடம் பிடித்தவர்கள் பிடிபட்டபின், பல பல்கலைக்கழகங்கள் மாணவரின் தோற்றத்தை நேரில் பார்த்து முடிவுசெய்யும் குழுக்களை அமைத்தன. அவற்றைப் பற்றிய சண்டை இன்னும் ஓயவில்லை.

கேள்வி: ஏழைக் குடும்பங்களுக்கு மாதந்தோறும் பணம் கொடுத்த பிரேசில் திட்டத்தால் மக்கள் சோம்பேறிகள் ஆகவில்லையா? (வாசகர், ஓசூர்)

பதில்: இல்லை. 2003இல் தொடங்கிய அத்திட்டம் தந்த தொகை மிகச் சிறியது; வேலையை விட்டுவிட்டு உட்கார அது போதாது. பிள்ளைகள் பள்ளிக்கு வர வேண்டும், தடுப்பூசி போட வேண்டும் என்ற நிபந்தனையோடு பெரும்பாலும் தாயின் கையில் போய்ச் சேர்ந்தது.

கேள்வி: நீங்கள் சொல்பவை பெரும்பாலும் பழைய சட்டங்கள். இந்த நூற்றாண்டிலும் நிபந்தனை வைத்து மக்களை விலக்குகிறார்களா? (வாசகி, பாளையங்கோட்டை)

பதில்: டொமினிகன் குடியரசைப் பாருங்கள். கரும்பு வெட்டுவதற்காக அண்டை நாடான ஹைட்டியிலிருந்து பல பத்தாண்டுகளாக ஆட்களை அழைத்துவந்த நாடு அது. சில காலங்களில் இரு அரசுகளும் ஒப்பந்தம் போட்டே அழைத்துவந்தன. அந்நாட்டு மண்ணில் பிறந்தவர் குடிமகன் என்பதே 1929 முதல் 2010 வரையிலான பொதுவிதி. தூதரகத்தாரின் பிள்ளைகளும் ‘வழிப்போக்காகத் தங்கியிருப்பவர்களின்’ பிள்ளைகளும் மட்டும் விதிவிலக்கு. 2013 செப்டம்பரில் அந்நாட்டு அரசியல் சட்ட நீதிமன்றம், முறையான ஆவணமின்றித் தங்கியிருந்த அயல்நாட்டவர் அனைவரும் வழிப்போக்கரே என்று விளக்கம் தந்து, அதை 1929 வரை பின்னோக்கிப் பொருத்தியது. வாழ்நாள் முழுவதும் அங்கேயே இருந்து கரும்பு வெட்டியவர்கள் வழிப்போக்கர்கள் ஆனார்கள். வேறு நாடு எதையும் அறியாத அவர்கள் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் குடியுரிமை இழந்தார்கள். தீர்ப்பு ஹைட்டியர்களுக்கு எதிரானதல்ல என்று ஆதரவாளர்கள் சொன்னார்கள். பாதிக்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் ஹைட்டிய வழியினர்.

உலகெங்கும் கண்டனம் எழுந்தபின், 2014இல் ஒரு சட்டம் வந்தது. பிறப்பு ஏற்கெனவே பதிவாகியிருந்தவர்களுக்குக் குடியுரிமை திரும்பக் கிடைக்கும் என்றது. பதிவாகாதவர்கள் தங்களை அயல்நாட்டவராகப் பதிவு செய்துகொண்டு, இரண்டு ஆண்டுகள் கழித்துக் குடியுரிமை கேட்கலாம் என்றது. பிறப்பைப் பதிவு செய்யவே பல அலுவலகங்கள் முன்பு மறுத்திருந்தன என்பதால், இரண்டாம் வகையில்தான் மிக நலிந்தவர்கள் விழுந்தார்கள். அந்நாட்டில்தான் பிறந்தோம் என்பதற்குச் சான்று கொடுத்து, அதே மனுவில் அயலார் என்று கையெழுத்திட வேண்டும், கெடுவும் குறுகியது. 2015 தொடக்கத்தில் கெடு முடிந்தபோது, ஒன்பதாயிரத்துக்கும் குறைவானவர்களே பதிவு செய்திருந்தார்கள்.