மூடிய பெட்ரோல் பங்க்கின் நிலத்தடி டேங்குகளை எடுக்காமல் மண் போட்டு மூடிவிடலாமா?

குத்தகை முடிந்து கைக்கு வந்த நிலத்தில், பங்க்காரர்கள் விட்டுச்சென்ற டேங்குகளை எடுக்காமல் மேலே மண் கொட்டிக் கடை கட்டிக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எடுத்துவிடுங்கள் என்பதே என் பதில். எங்கள் குடும்பமும் இதே இடத்தில் தயங்கி நின்றதால் நடந்ததைச் சொல்கிறேன்.

காங்கேயத்திலிருந்து தாராபுரம் போகும் வழியில் இருக்கும் எங்கள் நிலத்தை அப்பா பங்க்குக்குக் குத்தகைக்கு விட்டிருந்தார். பங்க் மூடியபோது தரைக்கடியில் தலா 20,000 லிட்டர் பிடிக்கும் மூன்று டேங்குகள் கிடந்தன. பழைய இரும்பு எடுப்பவர் ஒருவர் நல்ல விலை பேசி, கேஸ் கட்டர் ஆளையும் கையோடு கூட்டி வந்துவிட்டார். "காலி டேங்க்தானுங்க, ஒரே நாள்ல வெட்டி ஏத்திருவோமுங்க" என்றார். எண்ணெய்க் கிடங்கு ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் பெரிய மாமா அன்று அங்கே இருந்தார். சிலிண்டர்களை வண்டியை விட்டு இறக்கவே அவர் விடவில்லை.

நிரம்பிய டேங்கைவிடக் காலி டேங்க்தான் ஆபத்தானது என்பதை நான் அன்றுதான் அறிந்தேன். காற்றில் பெட்ரோல் ஆவி ஏறத்தாழ 1.4 சதவீதத்திலிருந்து 7.6 சதவீதம் வரை கலந்திருந்தால், ஒரு பொறி பட்டாலே வெடிக்கும். அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானதால், மூடியைத் திறந்து போட்டாலும் மேலே எழும்பிப் போய்விடாது. பெட்ரோலை உறிஞ்சி எடுத்து ஐந்து வாரமான பிறகு, உரிமம் பெற்ற ஆட்கள் வந்து மேன்ஹோல் வழியாக, காற்றில் வெடிக்கும் ஆவி இருக்கிறதா என்று காட்டும் எக்ஸ்ப்ளோசிமீட்டரின் குழாயை இறக்கியதை அருகில் நின்று பார்த்தேன். வாயருகே அசையாமல் இருந்த கருவி, குழாய் அடிமட்டத்தைத் தொட்டதும் அலறத் தொடங்கியது. அடியில் படிந்திருந்த துருவும் கசடும் அத்தனை நாளும் ஆவியை விட்டுக்கொண்டே இருந்திருக்கின்றன.

ஆகவே மிச்ச எண்ணெயை இறைப்பது, குழாய்களைக் கழற்றி வடிப்பது, தண்ணீர் நிரப்பியோ நைட்ரஜன் செலுத்தியோ ஆவியை வெளியேற்றுவது, மேல், நடு, அடி என மூன்று மட்டத்திலும் அளந்து தகுதியுள்ளவரிடம் உள்ளே எரியும் ஆவி இல்லை என்று எழுத்தில் கேஸ் ஃப்ரீ சான்று வாங்குவது ஆகியவை முடியாமல் எவரையும் உள்ளே இறக்காதீர்கள், நெருப்பையும் பக்கத்தில் கொண்டுவராதீர்கள். பெட்ரோலிய விதிகள் 2002 கேட்பதும் இதைத்தான். அவற்றை நடைமுறைப்படுத்துவது நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு. பங்க்கின் உரிமம் யார் பெயரில் இருக்கிறதோ அவர்களே அந்த அமைப்புக்கு எழுதி, முறைப்படி உரிமத்தை ஒப்படைக்க வேண்டும். அதற்கு முன் நிலத்தைப் பெற்றுக்கொண்டதாக நீங்கள் கையெழுத்துப் போட வேண்டாம்.

ஐப்பசி மழைக்கு முன் டேங்குகளைத் தூக்கி முடித்துவிடுங்கள். குழியில் தண்ணீர் தேங்கினால் 20,000 லிட்டர் டேங்கை அது சுமார் 20 டன் விசையோடு மேலே தள்ளும். டேங்கின் சொந்த எடையோ சில டன்தான். மேல்மண்ணையும் பிடிப்புப் பட்டைகளையும் எடுத்துவிட்ட நிலையில் மழை பிடித்துக்கொண்டால் டேங்க் தானாகவே மிதந்து எழுந்துவிடும்.

இனி, எனக்கு மிக முக்கியமாகப் படுவது டேங்கைத் தூக்கிய பின் தெரியும் குழி. எங்கள் பெட்ரோல் டேங்கில் ஓட்டை இல்லை. ஆனால் லாரியிலிருந்து எண்ணெய் இறக்கும் வாய்க்குக் கீழே செம்மண் சாம்பல் பூத்த பச்சையாக மாறியிருந்தது. ஒரு பிடி அள்ளி முகர்ந்த அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒவ்வொரு முறையும் சிந்திய கொஞ்சம் கொஞ்சம்தான் அப்படிச் சேர்ந்திருக்கிறது. மண்ணை மேலே கொட்டி மூடியிருந்தால் இது எங்கள் கண்ணுக்கே தெரிந்திருக்காது.

நம் பக்கத்தில் செம்மண் சில அடிதான், அதற்குக் கீழே சுக்கான் கல்லும் பாறையும். பாறை வெடிப்புகளின் வழியாகத்தான் நம் கிணறுகளுக்கும் போர்வெல்களுக்கும் ஊற்று வருகிறது. எண்ணெய் இறங்கினாலும் அதே வழியில்தான் போகும். பெட்ரோலில் உள்ள பென்சீன் தண்ணீரில் கரையும், புற்றுநோயை உண்டாக்கும். எனவே குழியின் அடியிலும் பக்கங்களிலும் மண் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பி, முடிவு வரும் வரை குழியை வேலி போட்டுத் திறந்தே வையுங்கள். கெட்ட மண்ணையும் டேங்கின் கசடையும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்றவர்களிடம் மட்டும் ஒப்படையுங்கள். 2000க்கு முன்பிருந்தே புழங்கிய டேங்க் என்றால் ஈயம் கலந்த பெட்ரோலின் கசடும் அதில் இருக்கக்கூடும். வெறுங்கையால் யாரும் அள்ளக் கூடாது.

எங்கள் நிலத்துக்குத் தெற்கே ஒரு பெரியம்மாவின் தோட்டத்துக் கிணறு இருக்கிறது. மண் முடிவு வந்த அன்றே அப்பா அங்கே போய் விஷயத்தை மறைக்காமல் சொல்லி, கிணற்றுத் தண்ணீரை எங்கள் செலவில் மழைக்கு முன்னும் பின்னுமாக இரண்டு முறை சோதித்துக் கொடுத்தார். இரண்டு முறையும் எண்ணெயின் தடயம் இல்லை என்று வந்த பிறகுதான் குழிக்குப் புது மண் அடித்தோம்.